உறையை மாற்று

மார்ச் 4

அன்புள்ள மேடம் அக்காவுக்கு,

போனில் அழைத்தால் நீ எடுக்க மாட்டாய். எடுத்தாலும் நான் குறுக்கே பேசுவேன், நீ வைத்துவிடுவாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் இது. எட்டு மாதக் கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு முழுக்கப் படி.

என் கடைக்கு எதிரே புதிதாக ஓர் அழகு நிலையம் திறந்திருக்கிறார்கள். பன்னிரண்டு நாற்காலி, முழுக்கக் கண்ணாடிச் சுவர், வாசலில் செயற்கை நீர்வீழ்ச்சி. என்னிடம் இருப்பது இரண்டு நாற்காலி. அதில் ஒன்று சுழலாது. ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வந்த இடத்தில் இப்போது நான்கு பேர் வருகிறார்கள். அந்த நான்கு பேரும் ஒரே காரணத்துக்காகத்தான் வருகிறார்கள்: என் தயிர்ப் பூச்சு. உயிருள்ள கல்ச்சர் போட்டு, நானே தோய்த்து, கொஞ்சம் ஓட்ஸ் மாவு கலந்து முகத்தில் போடுவேன். எழுந்து போகும்போது கன்னத்தைத் தடவிக்கொண்டே போவார்கள்.

முனையில் இருக்கும் மருந்துக்கடைக்காரருக்கு இது எப்படியோ காதில் விழுந்திருக்கிறது. அவர் கடையில் கண்ணாடிக் கதவு வைத்த குளிர்பெட்டி இருக்கிறதே, அதன் நடுத்தட்டை ஜூன் முதல் எனக்குத் தருகிறேன் என்கிறார். சின்னச் சின்னக் குப்பியில் போட்டு விற்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. “உயிருள்ள நுண்ணுயிர் அடங்கியது, பருவைப் போக்கும்” என்று ஒரு தாளில் எழுதி, ஆய்வகத்தில் வேலை செய்யும் யாராவது கையெழுத்துப் போட வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஆய்வகம் ஒன்றுதான். தாளை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு. மே முடிவதற்குள் வரவில்லை என்றால் நடுத்தட்டு சோப்புக்காரருக்குப் போய்விடும். நான் சுழலாத நாற்காலியில் உட்கார்ந்து நீர்வீழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் தங்கை


மார்ச் 10

தங்கைக்கு,

தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து இல்லை.

கோபத்தை ஒரு பக்கம் வைக்கச் சொல்கிறாய். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. போன ஜூலையில் உன் கடைக்கு வந்தேன். கல்லாவுக்கு மேலே என் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. வெள்ளைக் கோட்டு. கீழே, “எங்கள் தயிர் நிபுணர்.” அந்தக் கோட்டு என்ன என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். பேருந்து நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது நீயே எடுத்த படம் அது. அது மழைக்கோட்டு. இடுப்புக்குக் கீழே குடையும் இருந்தது. அதை நீ வெட்டிவிட்டாய். நான் அங்கே நிற்கும்போதே ஒரு பெண் என்னிடம் தன் கழுத்தைக் காட்டி, “டாக்டர், இது தேமலா பாருங்க” என்றாள்.

நான் டாக்டர் இல்லை. பால் பண்ணை ஆய்வகத்தில் பதினேழு வருடமாகத் தயிரைச் சோதிப்பவள். தயிருக்கு எது முடியும், எது முடியாது என்று எனக்குத் தெரியும். சொல்கிறேன்.

தயிரில் லாக்டிக் அமிலம் இருக்கிறது. அது தோலின் மேலே காய்ந்து நிற்கும் செதிலை மெல்லத் தளர்த்தும். கொழுப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும். குளிர்ச்சி எரிச்சலைத் தணிக்கும். உன் வாடிக்கையாளர்கள் கன்னத்தைத் தடவிக்கொண்டே போவது இதனால்தான். இது மாயமும் இல்லை, பொய்யும் இல்லை.

நுண்ணுயிர் வேறு கதை. அவை பாலில் வாழப் பழகியவை. முகத்தில் கால் மணி நேரம் பூசிக் கழுவினால் அங்கே குடியேறிவிடும் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. தயிரைச் சாப்பிட்டால் குடலுக்கு நல்லது. குடல் வழியாகத் தோலுக்கும் நல்லது வருமா என்று ஆராய்கிறார்கள். முடிவாக எதுவும் சொல்லிவிடவில்லை. “பருவைப் போக்கும்” என்று எழுத நீ எதை வைத்து எழுதினாய்? எத்தனை பேரைக் கணக்கு எடுத்தாய்?

அக்கா


மார்ச் 15

மேடம்,

எத்தனை பேரைக் கணக்கு எடுத்தேன் என்று கேட்டாய். மூன்று வருடமாக ஒரு நாளைக்குப் பத்து முகம். நீ குப்பியைப் பார்க்கிறாய், நான் முகத்தைப் பார்க்கிறேன். ஒருத்தி உள்ளே வரும்போது தலைமுடியை எந்தக் கன்னத்தின் மேல் இழுத்து விட்டிருக்கிறாள் என்பதிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிடும். விடுதி வரவேற்பு மேசையில் வேலை செய்யும் ஒருத்தி வருகிறாள். நாள் முழுக்க வருகிறவர்களுக்கு வலது பக்கத்தை மட்டும் காட்டிக்கொண்டே நிற்கிறாளாம். கழுத்து வலிக்கிறது என்றுதான் முதலில் என்னிடம் வந்தாள். இதெல்லாம் உன் ஆய்வகத்தில் எந்தக் கருவியில் தெரியும்?

சின்ன வயதில் இருந்தே உனக்கு நான் சொல்வது எதுவும் காதில் ஏறாது. “அவளுக்குப் புரியாது, விடுங்க” என்று வந்த விருந்தாளிகளிடம் எல்லாம் சொல்வாய். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

படத்தைக் கழற்றிவிட்டேன். சுவரில் சதுரமாக ஓர் இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. வருகிறவர்கள், “டாக்டரம்மா எங்க?” என்று கேட்கிறார்கள்.

சரி. சோதனைதானே வேண்டும்? சொல். எப்படிச் செய்ய வேண்டுமோ அப்படியே செய்கிறேன். ஒரு வார்த்தை பிசகாமல் செய்கிறேன். அப்புறம் கையெழுத்துப் போடுவாயா, மாட்டாயா? அதை மட்டும் முதலில் எழுது.

தங்கை


மார்ச் 21

தங்கைக்கு,

என்ன தெரியவருகிறதோ அதற்குக் கையெழுத்துப் போடுவேன். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

முறை எளிது. விருப்பமுள்ள பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர். முதலில் ஒவ்வொருவருக்கும் காதுக்குப் பின்னால் ஒரு துளி வைத்து ஒரு நாள் பார். சிவந்தால் அவர் வேண்டாம். பால் ஒவ்வாதவர்கள் வேண்டவே வேண்டாம். கீறல், புண் உள்ள இடத்தில் பூசாதே.

பூச்சு இடது கன்னத்தில் மட்டும். வலது கன்னத்தில் வெறும் தண்ணீர். வாரம் மூன்று முறை, ஆறு வாரம். ஒரே முகத்தில் இரண்டு கன்னம் இருப்பதால் ஒன்றுக்கு மற்றொன்று சாட்சி. பருவை எண்ணி, கன்னவாரியாக எழுது. மென்மையாக இருக்கிறதா என்று நீ தொட்டுப் பார்க்காதே. உனக்கு எது தயிர்க் கன்னம் என்று தெரியும், கை பொய் சொல்லும். எது எது என்று தெரியாத ஒருவர் தொட்டுப் பார்க்கட்டும்.

ஒவ்வொருவரும் எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கிறார்கள் என்று கேட்டு எழுது. கன்னம் தலையணையில் அழுந்தினால் அதுவும் கணக்கைக் குழப்பும். மூன்று நாளுக்கு ஒரு முறை உறையை மாற்று. இது முக்கியம். பழையதையே வைத்து ஓட்டினால் கண்டதும் அதில் வளரும். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

உனக்குப் புரியும்படி எழுதியிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 17

அக்கா,

மூன்று வாரம் முடிந்தது. பதின்மூன்று பேரில் ஒருத்திக்குக் காது சிவந்தது, அனுப்பிவிட்டேன். மற்ற பன்னிரண்டு பேரும் பாதி முகத்தோடு நடமாடுகிறார்கள். நீச்சல் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவர் இருக்கிறார். குளத்து மருந்துத் தண்ணீரில் ஊறி ஊறி அவர் முகம் மணல் தாள் மாதிரி இருக்கும். போன வாரம் அவர் வீட்டுக்காரர், “ஒரு பக்கம் மட்டும் ஏன் மினுக்குற? மத்த பக்கம் யாருக்கு?” என்று கேட்டாராம். “அது அறிவியலுக்கு” என்றாராம் டீச்சர்.

தொட்டுப் பார்க்க ஆள் பிடித்துவிட்டேன். பக்கத்துக் கடைத் தையல்காரம்மா. கண்ணைக் கட்டிவிட்டால்கூடத் துணியின் இழையைத் தடவியே என்ன ரகம் என்று சொல்வார். அவரைவிட நல்ல விரல் இந்தத் தெருவில் இல்லை. ஆறாவது வாரம் கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறார்.

உறை மாற்றுவதுதான் பெரிய வேலையாக இருக்கிறது. ஆனால் முக்கியம் என்று எழுதியிருந்தாயே, ஒரு தடவைகூடத் தவறவில்லை.

மருந்துக்கடைக்காரர் இரண்டு நாளுக்கு ஒரு தடவை வாசலில் நின்று, “என்னம்மா, தாள் வந்துச்சா?” என்கிறார். வரும் என்று சொல்லியிருக்கிறேன்.

தங்கை


மே 10

என் அருமை அக்கா!

நேற்றோடு ஆறு வாரம். கேள். பன்னிரண்டில் ஒன்பது பேருக்குப் பரு குறைந்துவிட்டது. ஒன்பது! வரவேற்பு மேசைப் பெண்ணுக்குப் பதினான்கு இருந்தது, மூன்றுதான் மிச்சம். தலைமுடியைப் பின்னால் இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். நான் அவளை அடையாளம் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் ஆனது.

தையல்காரம்மா கண்ணைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு பேரையும் வரிசையாகத் தடவினார். எது மென்மை என்று கேட்டால் பத்துப் பேருக்கு இடது என்றார். தயிர்க் கன்னம்! நீச்சல் டீச்சரிடம் வந்ததும், “இது என்ன, ஒரு பக்கம் பட்டு, ஒரு பக்கம் கோணியா?” என்றார். கடையே சிரித்தது.

நோட்டுப் புத்தகத்தின் நகலையும், நீ கேட்பாய் என்று தெரிந்து கல்ச்சர் ஒரு குப்பியையும் பனிக்கட்டி வைத்து அனுப்பியிருக்கிறேன். திருப்பி அனுப்பினாயே, அதே தாளையும் வைத்திருக்கிறேன். இப்போது என்ன சொல்லப் போகிறாய்?

வெற்றி பெற்ற தங்கை


மே 17

தங்கைக்கு,

நோட்டை மூன்று முறை படித்தேன். எழுதியிருக்கும் முறை நன்றாக இருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் இப்படி எழுத மாட்டார்கள். இதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

மென்மை விஷயத்தில் நீ சொன்னது நிற்கிறது. பத்துப் பேருக்கு இடது கன்னம். தயிர் பூசிய கன்னம்.

பரு விஷயத்தில் நீ கூட்டிய தொகையை மட்டும் பார்த்திருக்கிறாய், கன்னத்தைப் பார்க்கவில்லை. வரவேற்பு மேசைப் பெண்ணுக்கு இடதில் ஒன்பதிலிருந்து இரண்டு. வலதில் ஐந்திலிருந்து ஒன்று. மற்ற எட்டுப் பேருக்கும் இரண்டு பக்கமும் சேர்ந்தே இறங்கியிருக்கிறது. தயிர் பட்ட கன்னத்திலும் குறைந்தது, படாத கன்னத்திலும் குறைந்தது என்றால் குறைத்தது தயிர் இல்லை. வேறு ஏதோ ஒன்று இரண்டு கன்னத்தையும் தொட்டிருக்கிறது. என்ன அது? சோப்பை மாற்றினார்களா? யோசித்து எழுது.

அடுத்தது உன் குப்பி. வளர்த்துப் பார்த்தேன். தயிர் நுண்ணுயிரோடு ஈஸ்ட்டும் கும்பலாக இருக்கிறது. இது எத்தனை நாள் பழசு? மூன்று நாளுக்கு ஒரு முறை உறையை மாற்று என்று தெளிவாக எழுதினேன். நீயும் மாற்றினேன் என்று எழுதியிருக்கிறாய். மாற்றிய உறை இப்படி இருக்காது. பொய் சொல்கிறாய் என்று நினைக்க எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் குப்பி வேறு எதையும் சொல்லவில்லை.

அதை இன்றே கொட்டிவிடு. இனி ஒரு முகத்திலும் வைக்காதே.

அக்கா


மே 23

அக்கா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். “பொய் சொல்கிறாய்” என்ற இடத்தில் கிழித்துப் போடப் பார்த்தேன். பிறகு அந்த வரியைத் திரும்பப் படித்தேன். மாற்றிய உறை இப்படி இருக்காது. குப்பிக்குள் எப்படி உறை இருக்கும் என்று யோசித்தேன். அப்புறம் சுழலாத நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் மாற்றியது தலையணை உறை.

சிரிக்காதே. சிரி, பரவாயில்லை. உன் மார்ச் 21 கடிதத்தை எடுத்துப் பார். எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கிறார்கள், கன்னம் தலையணையில் அழுந்தும், உறையை மாற்று. அந்த இடத்தில் வேறு எதை மாற்றுவார்கள்? தையல்காரம்மாவிடம் ஒரே வெள்ளைத் துணியில் இருபத்து நான்கு உறை தைத்து வாங்கினேன். ஆளுக்கு இரண்டு. மூன்று நாளுக்கு ஒரு முறை பழையதை வாங்கி நானே துவைத்துக் காயப்போட்டுக் கொடுத்தேன். கடைக்குப் பின்னால் ஆறு வாரமும் கொடி முழுக்க உறை. எதிர்க்கடைக்காரி நான் சலவைக் கடை திறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். வரவேற்பு மேசைப் பெண்ணிடம் அதுவரை எத்தனை நாளாக ஒரே உறை என்று கேட்டபோது அவள் கூரையைப் பார்த்தாள்.

கல்ச்சரை நான் மாற்றவே இல்லை. கடை திறந்த நாளில் இருந்து அதே கல்ச்சர்தான். ஏனென்றால் நீ அதை எப்போதும் கல்ச்சர் என்றுதான் சொல்வாய். நானும் உன்னிடம் கற்றுக்கொண்டு மூன்று வருடமாகக் கல்ச்சர் என்றுதான் சொல்கிறேன். இந்த ஒரு கடிதத்தில் மட்டும் எனக்குப் புரியட்டும் என்று இறங்கி வந்து “உறை” என்று எழுதினாய் பார், அதுதான் புரியவில்லை. எனக்குப் புரியாது என்று நீ நினைக்காத இடங்களில் எல்லாம் எனக்குப் புரிகிறது.

மருந்துக்கடைக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். உன்னிடம் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் அது உன் கடை இல்லை, என் கடை என்று தோன்றியது.

“ஒன்பது பேருக்குப் பரு குறைஞ்சுது. தயிர் போட்டாங்களா? போட்டாங்க. இதுல பொய் எங்கம்மா இருக்கு?” என்றார்.

“ரெண்டு கன்னத்துலயும் குறைஞ்சுது சார். தயிர் போட்டது ஒண்ணுல.”

“இன்னொரு கன்னத்தைப் பத்தி யார் கேக்கப் போறா?”

“எங்க அக்கா கேப்பா.”

“பருவைப் போக்காத தயிரை எவன் வாங்குவான்? வீட்டுல இருக்கறதை எடுத்துப் பூசிக்க மாட்டானா?”

பஞ்சு வாங்க வந்திருந்த நீச்சல் டீச்சர் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நேராகப் போய்க் கல்லாவில் இருந்த கடைக்காரர் மனைவியிடம் முகத்தை நீட்டினார். “தொட்டுப் பாருங்க. இது தயிரு. இது வெறும் தண்ணி.” அந்த அம்மா இரண்டு கன்னத்தையும் தொட்டுப் பார்த்தார். தன் கன்னத்தையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“எனக்கு ரெண்டு குப்பி எடுத்து வைம்மா. இவர் கிடக்கறார்” என்றார்.

கடைக்காரர் குளிர்பெட்டியைத் திறந்து நடுத்தட்டைச் சாணால் அளந்தார். பிறகு, “பாதித் தட்டுதான் தருவேன்” என்றார். பாதி முகத்துக்குப் பாதித் தட்டு. சரி என்றுவிட்டேன்.

குப்பியில் இப்படி எழுதலாம் என்று இருக்கிறேன்: “வறண்ட தோலை மென்மையாக்கும். பருவுக்கு மருந்து அல்ல. புண் உள்ள இடத்தில் பூச வேண்டாம். முதலில் காதுக்குப் பின்னால் ஒரு துளி வைத்துப் பார்க்கவும்.” கையெழுத்துப் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. இது இப்படித்தான் போகும்.

பழைய கல்ச்சரைக் கொட்டிவிட்டேன். கொட்டும்போது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

தங்கை


மே 29

அன்புத் தங்கைக்கு,

கடிதத்தை ஆய்வகத்தில் வைத்துப் படித்தது என் தப்பு. இங்கே சத்தமாகச் சிரிக்கக் கூடாது. கண்காணிப்பாளர் வந்து, “யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்.

முதலில் மன்னிப்பு. பொய் சொல்கிறாய் என்று எழுதியதற்கு ஒன்று. நான் மார்ச் மாதம் எழுதிய வரியை இன்று திரும்பப் படித்தேன். அதை யார் படித்தாலும் தலையணையைத்தான் தேடுவார்கள். எங்கள் பண்ணையில் இப்படி ஒரு குறிப்பு எழுதியிருந்தால் ஒரு நாள் பால் மொத்தமும் வீணாகியிருக்கும். விருந்தாளிகளிடம் சொன்னதற்கு இன்னொன்று. அது இருபத்தைந்து வருடம் தாமதம்.

தலையணை உறைதான் பருவைக் குறைத்தது என்று இப்போதே எழுதிவிடாதே. தானாகக் குறைந்திருக்கலாம், ஆறு வாரம் முகத்தை ஒழுங்காகக் கழுவியதால் இருக்கலாம். பன்னிரண்டு பேரை வைத்து அதைச் சொல்ல முடியாது. ஆனால் சுத்தமான உறையில் படுத்தால் கெடுதல் ஒன்றும் இல்லை. வருகிறவர்களிடம் வாயால் சொல். அதற்குக் கையெழுத்து வேண்டாம்.

குப்பியில் நீ எழுதிய நான்கு வரியில் திருத்த ஒன்றும் இல்லை. “பத்து நாளுக்குள் பயன்படுத்தவும், குளிரில் வைக்கவும்” என்று மட்டும் சேர்த்தேன். கீழே கையெழுத்து இருக்கிறது. பண்ணையின் பெயரில் போட எனக்கு உரிமை இல்லை. என் பெயரில், என் படிப்பை எழுதிப் போட்டிருக்கிறேன்.

இப்போது கவனமாகப் படி. இந்தக் கடித உறைக்குள் ஒரு சின்ன வெள்ளி நிற உறை இருக்கிறது. அதற்குள் இருப்பது உறை. அதாவது கல்ச்சர், உலர்த்திய தூள். வந்ததும் குளிர்பெட்டியில் வை. எந்த உறையைப் பிரிக்க வேண்டும், எந்த உறையைப் பாலில் போட வேண்டும், எதைத் தூக்கி எறிய வேண்டும் என்று பின்பக்கத்தில் படம் போட்டிருக்கிறேன். உனக்குப் புரியாது என்பதால் இல்லை. எனக்கு எழுத வரவில்லை என்பதால்.

சுவரில் வெளுப்பாக ஒரு சதுரம் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்தப் படத்தைத் திரும்ப மாட்டிக்கொள். குடையோடு, வெட்டாத படத்தை. கீழே என்ன எழுத வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

அக்கா


ஜூன் 9

அக்கா,

உறை வந்து சேர்ந்தது. மூன்றும்.

புதுக் கல்ச்சரில் தோய்த்த முதல் முப்பது குப்பியை நேற்றுப் பாதித் தட்டில் அடுக்கினேன். இன்று மதியம் பார்த்தால் பதினொன்று குறைந்திருந்தது. அதில் இரண்டு கடைக்காரர் மனைவி எடுத்தது. தையல்காரம்மாவிடம் வெள்ளை உறை வேண்டும் என்று தெருவே கேட்டுக்கொண்டிருக்கிறது. என்னை இந்த வியாபாரத்தில் இழுத்துவிட்டாயே என்கிறார்.

படத்தை மாட்டிவிட்டேன். சட்டம் பெரிதாகப் போட வேண்டியிருந்தது, குடைக்கு இடம் வேண்டுமே. கீழே “என் அக்கா” என்று மட்டும் எழுதினேன்.

இன்று காலை புதிதாக ஓர் அம்மா வந்தார். நாற்காலியில் சாய்ந்ததும் சுவரைப் பார்த்தார்.

“வெள்ளைக் கோட்டு போட்டிருக்காங்களே, டாக்டரா?”

“இல்லைங்க” என்றேன். “அன்னிக்கு மழை பெஞ்சுது.”

தங்கை